நடுவில் ஓர் ஆளுக்கு இடம்

அந்த ஊர்க்காரர்கள் குடும்பப் படம் எடுக்க வந்தால் நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டுத்தான் நிற்பார்கள். யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பெரியவர்கள் நாற்காலியில் உட்காருவார்கள், பிள்ளைகள் முன்னால் நிற்பார்கள், மருமகள் ஓரடி தள்ளி நிற்பாள். அவளுக்கும் மாமனாருக்கும் நடுவே கொஞ்சம் திரை தெரியும். அந்த இடத்துக்கு உரியவர் கடல் தாண்டி எங்கோ ஒரு கட்டடத்தின் முப்பதாவது மாடியில் கம்பி கட்டிக்கொண்டிருப்பார். அவரைக் கொண்டுவந்து அந்த இடத்தில் நிறுத்துவது ஒட்டு மாஸ்டரின் தொழில்.

ஒட்டு மாஸ்டர் என்பது ஊர் வைத்த பெயர். கத்தரிக்கோலும் பசையுமாக அவர் தொழில் தொடங்கிய காலத்தில் வந்தது. பிறகு கம்ப்யூட்டர் வந்தது, கத்தரிக்கோல் துருப்பிடித்தது, பெயர் மட்டும் ஒட்டியபடியே நின்றுவிட்டது. கடைவீதியின் கடைசியில், பணம் அனுப்பும் கடைக்கும் சிமென்ட் கடைக்கும் இடையில், பத்தடிக்கு இருபதடியில் அவருடைய ஸ்டூடியோ. ஒரு குடை லைட், மூன்று திரைகள், உயரம் கூட்டிக் குறைக்கிற ஒரு ஸ்டூல். இதற்குள்தான் ஊரின் பாதிக் குடும்பங்கள் ஒன்றுசேர்ந்தன.

வேலையில் பாதி தொலைபேசியில் நடக்கும். வெளிநாட்டில் இருக்கிறவருக்கு மாஸ்டர் குரல் பதிவு அனுப்புவார்.

"வெள்ளைச் சுவரா பாத்து நில்லுங்க தம்பி. ஜன்னல் உங்க இடது கைப்பக்கம் வரணும். வலது கையைத் தூக்கி, உங்க வீட்டம்மா பக்கத்துல நிக்கற மாதிரி நெனச்சுக்கிட்டு தோள்மேல போடுங்க. ரொம்பத் தூக்காதீங்க, வண்டிய நிறுத்தச் சொல்ற மாதிரி இருக்கு."

வெறும் காற்றின்மேல் கையைப் போட்டுக்கொண்டு சிரிப்பது அவ்வளவு எளிதல்ல. அதனால் அறையில் கூட இருக்கிற யாராவது மனைவியாக நின்று தோள் கொடுப்பார்கள். மாஸ்டர் பிறகு அந்த மீசைக்காரரைப் பொறுமையாக அழித்துவிட்டு அங்கே மனைவியை நிறுத்துவார். ஒருமுறை மீசைக்காரரின் விரல் ஒன்று மட்டும் அழியாமல் தங்கிவிட்டது.

"அண்ணா, இது யாரு விரல்?" என்று கேட்டாள் படத்தை வாங்க வந்தவள்.

"உங்க வீட்டுக்காரர் ரூமுல இருக்கறவர்மா. நல்ல மனுஷன்னு கேள்வி."

சிரிப்பதற்கு மட்டும் அந்தத் தொழிலில் இடம் இருந்ததாகச் சொல்ல முடியாது. ஒரு வெல்டர் மகனின் தோளில் கை போட்டதாக நினைத்துக்கொண்டு இடுப்பு உயரத்தில் கையை நீட்டிப் படம் அனுப்பினார். போகும்போது மகன் அந்த உயரம்தான் இருந்தான். "தம்பி, கை ரொம்பக் கீழ இருக்கு. இப்ப உங்க காது வரைக்கும் வந்துட்டான்" என்று மாஸ்டர் பதில் அனுப்பினார். அரை நாள் கழித்து வேறு படம் வந்தது, கை சரியான உயரத்தில். கூடவே ஒரு குரல். "யாரும் எங்கிட்ட சொல்லவே இல்ல மாஸ்டர்."

மாஸ்டர் இவர்களை எல்லாம் அனுதாபத்தோடு பார்த்தார் என்றால் அதற்குக் காரணம் உண்டு. ஊரில் ஆண்கள் போனார்கள், பெண்கள் இருந்தார்கள். மாஸ்டர் வீட்டில் மட்டும் கணக்கு தலைகீழ். அவர் மனைவி பதினோரு வருஷமாக வெளிநாட்டில் ஒரு பெரிய வீட்டில் வேலை பார்த்தாள். துடைப்பது, துவைப்பது, அந்த வீட்டுக் கிழவியைக் குளிப்பாட்டுவது. மகளுக்கு ஆறு வயதில் போனவள், இடையில் இரண்டு தடவை நாற்பது நாற்பது நாள் வந்து போனாள். 'சம்சாரம் சம்பாதிக்கிறா, மாஸ்டர் ஒட்டுறார்' என்று சிமென்ட் கடைக்காரர் எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லுவார். மாஸ்டரும் கூடச் சிரிப்பார். சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. எதிராளி சொன்னது உண்மையாக இருந்தால் கூடச் சிரிப்பதைத் தவிர வேறு வழியும் இல்லை.

ஊருக்கெல்லாம் புதுப் படம் கேட்டு வாங்கிய மாஸ்டரால் தன் மனைவியிடம் மட்டும் கேட்டு வாங்க முடியவில்லை. அந்த வீட்டில் பகலில் போன் எடுக்க அனுமதி கிடையாது. இரவில் அவள் அறையில் இருந்தது ஒரு சின்ன மஞ்சள் பல்பு. இடையில் வந்த நாட்களில் எடுத்த படங்களில் அவள் களைத்துப்போய் இருந்தாள், அவற்றைச் சுவரில் மாட்ட அவருக்கு மனம் வரவில்லை. அதனால் அவள் விமானம் ஏறின காலையில் எடுத்த ஒரே படத்தையே பதினோரு வருஷம் பயன்படுத்தினார். மகளின் பிறந்தநாள், மகள் பரிசு வாங்கியது, பள்ளி முடித்தது, எல்லாவற்றிலும் அதே முகம். உடையின் நிறத்தை மட்டும் வருஷத்துக்கு ஒன்றாக மாற்றுவார். வீட்டுச் சுவரில் வரிசையாக மாட்டியிருந்த அந்தப் படங்களில் மகள் வளர்ந்துகொண்டே போனாள், மாஸ்டர் வழுக்கையாகிக்கொண்டே போனார், மனைவிக்கு இருபத்தொன்பது வயது.

பிறகு எல்லாரும் திரும்பி வந்தார்கள்.

அங்கே கட்டடங்கள் கட்டி முடிந்துவிட்டனவா, கட்டுகிறவர்களின் பணம் முடிந்துவிட்டதா என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. நாலு மாதத்துக்குள் கம்பி கட்டுகிறவர், கிரேன் ஓட்டுகிறவர், டிரைவர், சமையல்காரர் என்று ஆளாளுக்குப் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். பஸ் நிலையத்தில் தினமும் அழுகையும் சிரிப்புமாக இருந்தது. தேசத்தின் வருமானத்தில் பெரும்பங்கு இவர்கள் அனுப்பிய பணம்தான், இனி என்ன ஆகும் என்று தொலைக்காட்சியில் ஒரு நிபுணர் கவலைப்பட்டார். ஊர் அதைக் காதில் வாங்கவில்லை. வீட்டு மனிதர் வீட்டுக்கு வந்ததைப் போய் யாராவது நெருக்கடி என்பார்களா?

மாஸ்டரின் மனைவியும் வந்தாள். ஒரு பெட்டி, ஒரு கைப்பை, இரண்டு முட்டியிலும் வலி. வீட்டுக்குள் நுழைந்ததும் சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

"நான் போடாத துணியெல்லாம் போட்டிருக்கேன்" என்றாள்.

"நல்லாத்தானே இருக்கு."

"இந்தப் பச்சை எனக்கு எடுக்காதே."

"கம்ப்யூட்டர்ல எடுத்துச்சு."

"அது சரி. எனக்கு நரைச்சுப் போச்சுன்னு சுவத்துல இருக்கற இவகிட்ட யாரு சொல்றது?"

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிற பெண். அம்மாவைக் கட்டிக்கொள்ளப் போனவள் ஒரு கணம் தயங்கினாள். படத்தில் இருந்ததைவிட அம்மா குள்ளமாக இருந்தாள்.

மனைவி முதல் மாதம் முழுக்க நாலரை மணிக்கு எழுந்து ஜன்னல் துடைத்தாள். யாராவது அறைக்குள் வந்தால் சட்டென்று எழுந்து நின்றாள். அது புருஷனாக இருந்தாலும் சரி, பக்கத்து வீட்டுப் பூனையாக இருந்தாலும் சரி. எல்லாரும் சாப்பிட்ட பிறகு சமையலறையில் நின்றபடி சாப்பிட்டாள். மாஸ்டர் தினமும் மேஜையில் மூன்றாவது தட்டு ஒன்றை வைத்துவிட்டுப் பேசாமல் சாப்பிட ஆரம்பிப்பார். ஐந்தாவது வாரம் ஒரு மதியம் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உப்பு கம்மியா?" என்று கேட்டாள்.

"சரியா இருக்கு" என்றார் மாஸ்டர். உப்பே இல்லை.

அன்றைக்குத்தான் அவர் முடிவு செய்தார். இவள் இனிமேல் எங்கேயும் போகக் கூடாது. அதற்கு ஒரே ஒரு காரியம் நடக்க வேண்டும். மகளுக்கு இன்னும் இரண்டு வருஷப் படிப்பு பாக்கி. அந்தச் செலவை இத்தனை நாள் மனைவி பார்த்தாள். இனி ஸ்டூடியோ பார்க்க வேண்டும்.

தர்க்கப்படி பார்த்தால் அவருக்குக் கவலையே வேண்டாம். ஊரில் எல்லாக் குடும்பமும் முழுசாக இருந்தது. முழுக் குடும்பத்தைவிடப் படம் எடுக்கத் தோதானது வேறென்ன? 'குடும்பத்தோடு வாருங்கள், பாதி விலை' என்று எழுதி வாசலில் ஒட்டினார். முதலில் வந்தது கிரேன் ஓட்டுநர் குடும்பம். மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா, எல்லாரும் வரிசையாக நின்றார்கள், வழக்கம்போல நடுவில் இடம் விட்டு. கிரேன் ஓட்டுநர் அந்த வரிசையின் கோடியில் போய் நின்றுகொண்டார்.

"நீங்க நடுவுல வாங்க" என்றார் மாஸ்டர்.

ஓட்டுநர் நகர்ந்து உள்ளே வந்தார். அவர் மனைவி மரியாதையாக இன்னும் கொஞ்சம் தள்ளிக்கொண்டாள். சின்னவள் அண்ணாந்து அவரைப் பார்த்துவிட்டு மாஸ்டரிடம் கேட்டாள்.

"இவர் கம்ப்யூட்டர்லதானே வருவார்?"

ஓட்டுநர்தான் முதலில் சிரித்தார், சத்தமாக. அறுபது மீட்டர் உயரத்தில் இரும்பு தூக்கின ஆள், அந்தச் சிரிப்பை மட்டும் இறக்கி வைக்கத் தெரியாமல் ரொம்ப நேரம் வைத்திருந்தார். மாஸ்டர் அந்த முகத்தோடேயே எடுத்தார். பிரிண்ட் போட்டுப் பார்த்தபோது, இத்தனை வருஷம் அவர் ஒட்டின படங்களில் எல்லாரும் இதைவிட நெருக்கமாக நின்றது தெரிந்தது.

அப்புறம் மொத்தம் ஒன்பது குடும்பங்கள் வந்தன. பத்தாவது வரவில்லை.

"ஆளே வீட்டுல உக்காந்திருக்கான், படம் எதுக்கு மாஸ்டர்?" என்றார் சிமென்ட் கடைக்காரர். அவர் கடையிலும் மூட்டைகள் இறுகிப்போய்க் கல்லாகிக்கொண்டிருந்தன. மேல்மாடி கட்டத் தொடங்கியவர்கள் கம்பிகளை வானத்தைப் பார்க்க விட்டுவிட்டு நிறுத்தியிருந்தார்கள். கம்பி கட்டத் தெரிந்தவர்கள் ஊரில் இருநூறு பேர் இருந்தார்கள். கட்டச் சொல்லிப் பணம் அனுப்புகிறவர்தான் ஒருவரும் இல்லை. அவர்களேதான் அந்த அனுப்புகிறவர்களும். பணம் அனுப்பும் கடையில் காவலாளி மட்டும் தினமும் வந்து, காவல் காக்க ஒன்றுமில்லாத கதவைக் காத்துவிட்டுப் போனார். ஒரு நாள் அவரும் வரவில்லை. பள்ளிக்கூடம் மூன்று பஸ்ஸில் இரண்டை விற்றது. டீக்கடையில் கூட்டம் மட்டும் அதிகம். ஒரு டீயை மூன்று பேர் குடித்தார்கள். எல்லா அப்பாக்களும் வீட்டில் இருந்த அந்த வருஷத்தில்தான் ஊரில் சண்டைச் சத்தம் வீதி வரைக்கும் கேட்டது.

எட்டாவது மாதம் இன்னொரு தேசம் கதவைத் திறந்தது. அங்கே கட்டடம் கட்ட ஆள் வேண்டாம். கிழவர்களும் கிழவிகளும் அதிகமாம், பார்த்துக்கொள்ளப் பெண்கள் வேண்டுமாம். ஏஜென்ட் ஒருவர் பஸ் நிலையத்துக்கு எதிரே ஆபீஸ் போட்டார். மறுநாளே மாஸ்டர் ஸ்டூடியோ வாசலில் வரிசை நின்றது. எல்லாருக்கும் விசாப் படம் வேண்டும்.

விசாப் படத்துக்கு அந்தத் தேசம் ஒரு பக்கம் நிறைய விதி வைத்திருந்தது. மாஸ்டர் அதைப் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டினார். வெள்ளைத் திரை. இரண்டு காதும் தெரிய வேண்டும். சிரிக்கக் கூடாது. தலை உச்சியிலிருந்து தாடை வரை முப்பத்திரண்டு மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலும் படம் திரும்பி வரும், திரும்பி வர மூன்று வாரம் ஆகும், அதற்குள் ஏஜென்ட் ஆள் எடுக்கிற பட்டியல் மூடிவிடும்.

இரண்டு வாரம் மாஸ்டருக்குத் தலை நிமிர நேரமில்லை. அவர் சந்தோஷமாக இருந்தார் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தார். ஊரார் மனைவிகள் போனால்தான் தன் மனைவி இருக்க முடியும் என்கிற இடத்துக்கு அவர் வந்து சேர்ந்திருந்தார். அதில் என்ன நியாயம் என்று யோசிக்க அவர் தன்னை அனுமதிக்கவில்லை. மூன்றாவது வாரம் வரிசை தேய்ந்தது. போக வேண்டியவர்கள் எல்லாரும் படம் எடுத்து முடித்திருந்தார்கள். வந்த பணம் மகளின் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு தவணைக்குக்கூடப் பக்கத்தில் போகவில்லை.

"எனக்கும் ஒண்ணு எடுங்க" என்றாள் மனைவி, சாப்பாடு கொண்டுவந்த மதியம்.

"லைட்டு பியூஸ் போயிடுச்சு."

மறுநாள் கேட்டாள். "பல்பு வரல" என்றார். அதற்கு மறுநாள் கேமராவில் ஏதோ கோளாறு என்றார். அவர் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் உள்ளே வந்து, படம் எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனாள். மனைவி சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

புதன்கிழமை அவள் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், போன் ரிப்பேர் செய்கிற கடையில் படம் எடுத்துக்கொண்டு வந்தாள். எட்டுப் பிரதிகள், ஒரு சின்னக் கவரில். பட்டியல் வெள்ளிக்கிழமை மூடுகிறது. ஸ்டூடியோவுக்கே வந்து மேஜைமேல் கவரை வைத்தாள்.

"எப்படி இருக்குன்னு பாருங்க."

மாஸ்டர் பார்த்தார். முப்பது வருஷத் தொழில். அவருக்கு ஸ்கேல் தேவையில்லை. தலை முப்பது மில்லிமீட்டர் இருக்கும். நிச்சயம் முப்பத்திரண்டு இல்லை.

"நல்லா இருக்கு" என்றார்.

படத்தைப் பற்றி அவர் சொன்ன முதல் பொய் அது. படத்துக்குள் ஆயிரம் பொய் செய்திருக்கிறார், அது வேறு. அவர் செய்ய வேண்டியது இப்போது ஒன்றுமே இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். படம் போகும், திரும்பி வரும், பட்டியல் மூடியிருக்கும். அடுத்த பட்டியல் எப்போது என்று ஏஜென்டுக்கே தெரியாது. மூன்றாவது தட்டு மேஜையில் இருக்கும்.

மனைவி அங்கேயே உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பினாள். எடை என்ற இடத்தில் நிறுத்தி, "எத்தனை போடட்டும்?" என்றாள்.

"உனக்குத்தானே தெரியும்."

"தெரிஞ்சா கேப்பேனா? அந்த வீட்டுல எடை பாக்கற மெஷின் மாடியில இருந்துச்சு. தொடைக்க மட்டுந்தான் ஏறுவேன்."

நாலு மணிக்கு மகள் கல்லூரியிலிருந்து வந்தாள். பையை ஸ்டூல்மேல் போட்டாள். "வெள்ளிக்கிழமைக்குள்ள பீஸ் கட்டாதவங்க பேரை நோட்டீஸ் போர்டுல போடுவாங்களாம். நல்ல வேளை, எங்க வகுப்புல பாதிப் பேரு வரும், கூட்டத்தோட கூட்டமா நிக்கலாம்" என்று சிரித்தாள். பிறகு அதே குரலில், "நான் காலேஜை விட்டு நின்னுடறேன்ப்பா. நெஜமாத்தான். எனக்கொண்ணும் பெரிசா வருத்தமில்ல" என்றாள்.

மகள் சொன்ன பொய்களில் இவ்வளவு மோசமாகச் சொன்னது வேறு இல்லை. அவள் தண்ணீர் குடிக்க உள்ளே போனாள். ரொம்ப நேரம் குடித்தாள்.

மாஸ்டர் கவரிலிருந்து படத்தை வெளியே எடுத்தார். இன்னொரு தடவை பார்த்தார். உள்ளே குழாய் ஓடும் சத்தம் நிற்கவில்லை.

"இது செல்லாது" என்றார்.

மனைவி நிமிரவில்லை. எழுதிக்கொண்டிருந்த பேனா மட்டும் நின்றது.

"தலை சின்னதா இருக்கு. ரெண்டு மில்லிமீட்டர். திருப்பி அனுப்பிடுவாங்க."

"தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"நீங்கதான் அவ்வளவு பெருசா எழுதி ஒட்டி வெச்சிருக்கீங்களே. வீட்டுல பாப்பாவோட ஸ்கேல எடுத்து அளந்து பாத்தேன்." பேனாவை மூடி வைத்தாள். "நீங்க பாத்துட்டு சொல்லலேன்னா, போக வேணாம்னு நெனச்சிருந்தேன். மதியம் நல்லா இருக்குன்னு சொன்னீங்க. சரி, அப்ப விட்டுடுவோம்னு இருந்தேன்."

செல்லாது என்றதைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா என்று மாஸ்டர் யோசித்ததாகத் தெரிந்தது. ஆனால் மகள் முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன ஆச்சு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. உங்கப்பாவுக்கு லைட்டு சரியாயிடுச்சாம்" என்றாள் மனைவி. ஸ்டூல்மேல் இருந்த பையை எடுத்து மகளிடம் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

மாஸ்டர் வெள்ளைத் திரையை இறக்கினார். குடை லைட்டைப் போட்டார், கொஞ்சம் பின்னால் நகர்த்தினார். அவள் காதை மறைத்த முடியைத் தன் கையாலேயே ஒதுக்கிவிட்டார். பாதிக்கு மேல் நரைத்திருந்தது. இந்தப் படத்தில் அவர் எதையும் மாற்ற முடியாது. நிறம், சுருக்கம், எதையும் தொடக் கூடாது என்பதும் அந்த விதிகளில் ஒன்று.

"நேரா பாரு" என்றார். "சிரிக்கக் கூடாது."

"யாரு சிரிக்கறா? சீக்கிரம் எடுங்க. இந்த ஸ்டூல்ல உக்காந்தா முட்டி வலிக்குது."

படம் வெள்ளிக்கிழமை காலை ஏஜென்ட் ஆபீசுக்குப் போனது. ஏஜென்ட் அதை ஒரு அட்டைச் சட்டத்துக்குள் வைத்து அளந்தார். இப்படி ஒரே தடவையில் சரியாக வருகிற படம் வேறு எந்த ஸ்டூடியோவிலிருந்தும் வருவதில்லை என்று மாஸ்டரின் மனைவியிடம் மெச்சிச் சொன்னார்.